கொடுங்கையூரில் கேட்ட கேள்வி

சென்னைப் பட்டணத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுங்கையூரைச் சிபாரிசு செய்கிறவர் எவரும் இலர். நாமும் அங்கே உல்லாசப் பிரயாணமாகப் போகவில்லை. உறவினர் ஒருவர் அரும்பாடுபட்டு ஒரு வீட்டைக் கட்டி முடித்து, கிருகப்பிரவேசத்துக்கு வரவேண்டுமென்று குடும்பத்தோடு அழைத்திருந்தார். விருந்துண்ணப் போன இடத்தில் பசியைப் பற்றிய பாடம் ஒன்றைக் கேட்டு வருவோம் என்று புறப்படும்போது நாம் எண்ணவில்லை.

பாடத்துக்குப் பூர்வபீடிகை பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டது. பத்து வயதான நம் பெண் பள்ளிக்கூடத்து நூல்நிலையத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டு வந்திருந்தாள். நார்வே தேசத்து ஆமுண்ட்ஸென், 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி தென் துருவத்தை முதன்முதலாக அடைந்த கதை அதில் இருந்தது. சறுக்குவண்டி இழுப்பதற்கு ஐம்பத்திரண்டு நாய்களுடன் அவர் கிளம்பினார். பனிமலை ஏறி முடிந்ததும், இருபத்து நான்கு நாய்களைச் சுட்டு, மனிதர்களும் மற்ற நாய்களும் தின்றார்கள். அந்த இடத்துக்குக் 'கசாப்புக்கடை' என்று அவர்களே பெயர் வைத்தார்கள். துப்பாக்கிச் சத்தம் காதில் விழாதபடி ஆமுண்ட்ஸென் கூடாரத்துக்குள் அடுப்பைப் பலமாகப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தாராம்.

"அப்பா, தான் வளர்த்த நாயைத் தானே தின்னலாமா?" என்று கேட்டாள் பெண்.

"பசி வந்தால் பத்தும் பறந்துபோம்" என்று நாம் ஏதோ சொல்லி வைத்தோம்.

"அப்படியானால் தப்பில்லையா?"

பெரியவர்கள் இம்மாதிரி சமயங்களில் வழக்கமாகச் சொல்லும் பதிலையே நாமும் சொன்னோம்: "ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்."

வேடிக்கைக்குக் குறைவில்லை. வியாசர்பாடியைத் தாண்டி, எருக்கஞ்சேரி வழியாக மூலக்கடையை நோக்கிச் செல்லும் இந்தச் சாலை மிகப் பழையது. பட்டணத்திலிருந்து செங்குன்றம், நெல்லூர் வழியாக வடதேசத்துக்குப் போகிற பெரும்பாதை இதுதான். இப்பொழுது அதில் லாரிகளின் ஆட்சி நடக்கிறது. பெருஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் கொடுங்கையூர். நெருக்கமான தெருக்கள், வாசலுக்கு வாசல் தண்ணீர்க் குடங்கள், கோலங்கள், கோயில் ஒலிபெருக்கி, இஸ்திரி வண்டி, பஜ்ஜி வாசனை. பட்டணத்துக்கு அரிசி மூட்டை தூக்குகிறவரும், வீடு கட்டுகிறவரும், துறைமுகத்தில் பாரம் ஏற்றுகிறவரும் வந்து உறங்குகிற ஊர் இது.

தெருக்கோடியில் ஒரு குன்று தெரிந்தது. சென்னையில் இயற்கையாக அமைந்த குன்றுகள் தெற்கே பரங்கிமலைப் பக்கத்தில்தான் உண்டு. இது நாம் எல்லோரும் சேர்ந்து எழுப்பிய குன்று. தென் சென்னைக்குப் பெருங்குடி என்றால் வட சென்னைக்குக் கொடுங்கையூர் என்று, பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பை இங்கே வந்து குவிந்திருக்கிறது. பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்தெடுக்கும் வேலையை மாநகராட்சி இப்பொழுது மேற்கொண்டிருக்கிறது. குன்றின் சரிவில் மாடுகள் மேய்ந்தன. அவற்றின் முதுகில் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் சித்திரக்காரர் எழுதிய கிராமக் காட்சி போல இருந்தது. காற்றுத் திரும்பியதும் அந்த மயக்கம் தெளிந்தது.

விருந்து முடிந்த பிறகு உறவினர் நம்மை ஊர் பார்க்க அழைத்துச் சென்றார். அடுத்த தெருவில் கழுத்தில் சிறு மணி கட்டிய வெள்ளாடு ஒன்று, ஒரு வீட்டுத் திண்ணையில் எஜமானி போல் படுத்திருந்தது. நம் பெண் ஓடிப்போய் அதைத் தடவிக் கொடுத்தாள். அருகே ஒரு மூதாட்டி கம்பி வேறு, பிளாஸ்டிக் வேறு, காகிதம் வேறு என்று காயலான் கடைக்குப் போட வேண்டியதைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டுக்கு என்ன பெயர், பாட்டி?" என்று கேட்டாள் பெண்.

"இதுக்குப் பேரு வைக்கல கண்ணு. இது அம்முவோட குட்டி. அம்முவை வித்துட்டேன்."

நாம் துருவித் துருவிக் கேட்காமலே அவர் கதையைச் சொன்னார். கையிலிருந்த வேலை நிற்கவே இல்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி, பெருநோயை முன்னிட்டு நாடெங்கும் ஊரடங்கு வந்தது. காயலான் கடைகள் சாத்தப்பட்டன. ஆகவே அவருடைய வருமானமும் சாத்தப்பட்டது. படுக்கையில் கணவர்; தாயில்லாப் பேத்தி ஒருத்தி. குடும்ப அட்டை மூத்த மகன் பெயரில் இருந்தது, மகனோ வெளியூரில். ஒரு மாதம் அம்மா உணவகத்து இட்டிலியாலும் அண்டை வீட்டார் தயவாலும் ஓடிற்று. பிறகு அண்டை வீட்டார் அடுப்பிலும் பூனை உறங்கியது. அம்மு, பேத்தி புட்டியில் பால் கொடுத்து வளர்த்த ஆடு. இரவில் அவள் பாயிலேயே படுக்கும்.

"ரெண்டு நாள் புள்ளை ஒண்ணும் சாப்பிடல ஐயா. மூணாம் நாள் கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவரு நல்ல மனுசன். பணத்தோட கொஞ்சம் கறியும் பொட்டலம் கட்டிக் கொண்டாந்தாரு. கறியைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அரிசி வாங்கி ஆக்கினேன். தட்டுல போட்டதும் புள்ளை கேட்டா, 'ஆயா, இது அம்மு சோறா?'ன்னு."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஆமான்னேன். பொய் சொல்லியா திங்க வைக்கிறது? கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. ஒரு பிடி அள்ளி இந்தக் குட்டிக்கு வெச்சா. அப்புறம் சாப்பிட்டா. அந்த அரிசி தீர்ற வரைக்கும் தெனமும் அப்படித்தான்."

நம் பெண்ணுக்குப் பஸ்ஸில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்துவிட்டது. நாம் தடுப்பதற்குள், "அது தப்பில்லையா, பாட்டி?" என்று கேட்டுவிட்டாள். நமக்குத் தலையைக் குனிந்துகொள்ளலாம் போலிருந்தது. மூதாட்டி கோபித்துக்கொள்ளவில்லை.

"தப்புதான் கண்ணு. அன்னிக்கு வேற என்ன பண்ணியிருக்கலாம்னு நீ சொல்லேன்."

பெண் நம் முகத்தைப் பார்த்தாள். நம்மிடமும் பதில் இல்லை. அந்த ஏப்ரல் மாதத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைவு கூர்ந்தோம். மூன்று மாதத்து மளிகையை முன்னதாகவே வாங்கி அடுக்கிவிட்டு, வீட்டில் பொழுது போகாமல், தினம் ஒரு புதுப் பலகாரம் செய்து ருசி பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதை மட்டும் விக்கலையே?" என்று நம் மனைவி பேச்சை மாற்றினாள்.

"2023-ல புயல் வந்துச்சே, அப்பவும் வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. மாடியில நாங்களும் இதுவும் ஒண்ணா இருந்தோம். மூணாம் நாள் சோத்துப் பொட்டலம் வந்துச்சு. அதனால இது பொழைச்சுது" என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தை நம் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆமுண்ட்ஸென் கதையையும் இந்தக் கதையையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று முதலில் பட்டது. அவர் புறப்படும் முன்பே எந்தக் கட்டத்தில் எத்தனை நாய்களைக் கொல்வது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். துருவத்துக்குப் போகும்படி யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. அம்முவை விற்ற நாளில் மூதாட்டியிடம் எந்தக் கணக்கும் இல்லை. 1941 முதல் 1944 வரையில் ஜெர்மானியர் முற்றுகையில் சிக்கிய லெனின்கிராட் நகரத்தில், தம் பூனையைத் தாமே தின்ன மனமின்றி அடுத்த வீட்டாரோடு மாற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள் என்று சொல்வதுண்டு. கறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி வாங்கியதும் அவ்வகையைச் சேர்ந்ததே. வித்தியாசம் ஒன்றுதான்: கறியை அரிசியாக மாற்றிவிட்டதால் பாவம் மாறிவிட்டது என்று மூதாட்டி பாவிக்கவில்லை, ஆறு வயதுக் குழந்தையையும் அப்படிப் பாவிக்க விடவில்லை.

நம் முன்னோர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்துவிடவில்லை. மழை பொய்த்து மண்ணுயிர் மடிந்த காலத்தில், அரசு துறந்து முனிவரான விசுவாமித்திரர் பசி தாளாமல் நாயின் ஊனை உண்ணத் துணிந்தார் என்றும், உண்ணுமுன் தேவர்க்குப் படைத்தபோது இந்திரன் வந்து மழை பெய்வித்தான் என்றும் மணிமேகலை சொல்கிறது. இந்தக் கதை காவியத்தில் எந்த இடத்தில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மணிபல்லவத்தீவில், கோமுகிப் பொய்கையிலிருந்து எழுந்த அமுதசுரபியை மணிமேகலை கையில் ஏந்தி நிற்கும்போது தீவதிலகை இதைச் சொல்கிறாள். முனிவர் தின்றது சரியா, தவறா என்று அங்கே பட்டிமண்டபம் நடக்கவில்லை. கையிலுள்ள பாத்திரம் எதற்காக என்பதை விளக்கவே அந்தக் கதை பயன்படுகிறது.

திருவள்ளுவரோ நெகிழ்ந்து கொடுக்கிறவர் அல்லர். தன் உயிரே போவதானாலும் பிற உயிரை நீக்கும் தொழிலைச் செய்யாதே என்று கண்டிப்பாகக் கட்டளையிடுகிறார். இது கொல்லாமை அதிகாரத்தில் உள்ளது. ஆனால் அதே அதிகாரத்தில், அதற்கு ஐந்து குறள்கள் முன்னதாக, உள்ளதைப் பகுத்து உண்டு பல உயிர்களையும் காப்பதே நூலோர் தொகுத்த அறங்களுக்கெல்லாம் தலையானது என்றும் சொல்லியிருக்கிறார். நம்மில் பலர் பின்னதை மறந்துவிட்டு முன்னதை மட்டும் ஏழைக்கு உபதேசிக்கிறோம். பகிர்ந்து உண்ணாதவன் வாயில் கொல்லாமை உபதேசம் பொருந்துமா?

பஸ் வள்ளலார் நகரில் நின்றது. பழைய தங்கசாலைப் பக்கம்தான் அது. ஏழுகிணற்றுப் பகுதியில் வசித்த இராமலிங்க வள்ளலார், இந்த வட்டாரத்திலிருந்துதான் திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்து போய் வருவார். புலால் மறுப்பில் அவரைவிடக் கண்டிப்பானவர் எவருண்டு? ஆயினும் பசித்தவனை அவர் விசாரணைக் கூண்டில் ஏற்றவில்லை. 1867-ஆம் ஆண்டில் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது.

சிறிது தூரம் நடந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அதற்குக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று ஏன் பெயர் வந்தது என்று பெண்ணுக்குச் சொன்னோம். ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டிப் பஞ்சம் வந்து, ஜனங்கள் பட்டணத்துக்கு ஓடிவந்தபோது, 1782-ல் இவ்விடத்தில் கஞ்சி வார்க்கும் சாலை ஒன்று ஏற்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரமாகி, 1799-ல் வைத்தியசாலையும் சேர்ந்து, பின்னர் 1938-ல் வைத்தியக் கல்லூரியாக வளர்ந்தது. இத்தனை பெரிய ஸ்தாபனத்தின் வித்து ஒரு கஞ்சித் தொட்டி.

கஞ்சித் தொட்டி வற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தப் பட்டணமே சாட்சி. 1876-ல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், வடக்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் எலும்பும் தோலுமாக ஜனங்கள் சென்னைக்கு வந்தார்கள். உழுத மாட்டையும் கலப்பையையும் வந்த விலைக்கு விற்று வந்தவர்கள் அவர்கள். வீட்டில் பிறந்த கன்றுக்குப் பெயரிட்டு வளர்த்த குடியானவர்கள் என்ன மனத்தோடு விற்றிருப்பார்கள்! கடற்கரையிலோ தானிய மூட்டைகள் குவிந்து கிடந்தன. விலை அவர்களுக்கு எட்டவில்லை. 1877 ஜனவரி முதல் தேதியன்று டில்லியில் விக்டோரியா ராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டும் தர்பார் நடந்தது. அதே ஆண்டில் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று விதித்தார். மாகாண சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், அது உயிர் தாங்கப் போதாது என்று வாதாடினார். மொத்தத்தில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டதாக மதிப்பீடு. மனிதன் எவ்வளவு குறைவாக உண்டு உயிர் தரிக்கலாம் என்ற ஆராய்ச்சியை வயிறு நிறைந்தவர்களே செய்கிறார்கள்.

"இப்பொழுது உன் கேள்விக்குப் பதில் தெரிந்ததா?" என்று பெண்ணைக் கேட்டோம்.

"பாட்டியே தப்புதான் என்றார்களே" என்றாள். பிறகு, "ஆனால் அந்தப் பாட்டி மட்டும் செய்த தப்பு இல்லை" என்றாள்.

நமக்கு அதற்குமேல் சேர்க்க ஒன்றும் தோன்றவில்லை. வளர்த்த பிராணியைத் தின்னலாமா என்ற கேள்வி பசித்தவனிடம் போய்ச் சேருவதற்கு முன், எத்தனையோ வீட்டு வாசல்களைத் தாண்டித்தான் போகிறது. அவற்றில் நம் வாசலும் ஒன்று. அங்கேயே அதை நிறுத்தி வைக்க ஒரு படி அரிசி போதும்.

வீட்டுக்கு வந்ததும் உறவினருக்கு டெலிபோன் செய்தோம். அந்த மூதாட்டிக்குத் தனிக் குடும்ப அட்டை இன்னும் வரவில்லையாம். புது வீட்டுக்காரர் முதல் வேலையாக அவரை அழைத்துப்போய் மனு எழுதிக் கொடுப்பதாக வாக்களித்திருக்கிறார். நம் பெண், ஆட்டுக்கு இனியாவது ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள் என்று குறுக்கிட்டாள். அட்டை கைக்கு வரட்டும், பிறகு வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறோம்.