நான்தான் இழுத்துப் போட்டேன்

எங்கள் ஊர்க் கபடி அணிக்கு 15 வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு பையனின் தோளைக் கெடுத்தவன் நான்.

கோயில் திருவிழாவையொட்டி நடந்த இரவு ஆட்டம். எங்கள் ரெய்டருக்கு அப்போது 17 வயது. பிடிபட்டவன் நடுக்கோட்டைத் தொட வலது கையை நீட்டினான். எதிரணிக்காரன் ஒருவன் அந்தக் கையைப் பின்பக்கமாக மடக்கியபடியே மேலே விழுந்தான். பையன் எழுந்தபோது தோளின் உருண்டையைக் காணோம். மேலே எலும்பு துருத்திக்கொண்டிருக்க, அதன் கீழே பள்ளம். கை இறங்கிவிட்டது. ஓடிப்போய் அவன் அக்குளில் குதிகாலை ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். டொக்கென்று உள்ளே போனது. கூட்டம் கைதட்டியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

"அண்ணே, இந்த எடத்துல தொட்டா தெரியல" என்று மேல்கையின் வெளிப்பக்கத்தைத் தடவிக் காட்டினான். அது நரம்பு அடிபட்டதன் அடையாளம். நான் பொருட்படுத்தவில்லை. எக்ஸ்ரே எடுக்கவில்லை. கிரேப் பேண்டேஜ் சுற்றி, மூன்றாம் வாரமே களத்தில் இறக்கினேன்.

அதன்பின் கையைத் தலைக்கு மேல் தூக்கவே அவன் தயங்கினான். "பயந்தா கபடி ஆட முடியாதுடா" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அந்த வருடமே இன்னும் மூன்று முறை இறங்கியது. கடைசி முறை, தூக்கத்தில் புரண்டு படுத்தபோது.

அதன்பிறகுதான் மருத்துவரிடம் போனோம். அவர் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். ஆழமில்லாத தட்டில் பந்து வைத்ததுபோன்றது தோள் மூட்டு. தட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம் அந்தப் பந்து நழுவாமல் காக்கிறது. அதன் முன்பகுதி கிழிந்திருந்தது. பேங்கார்ட் கிழிசல் என்றார். 20 வயதுக்குள் ஒருமுறை விலகிய தோள், மோதி ஆடும் விளையாட்டில் மறுபடி விலகும் வாய்ப்பு மிக அதிகம். விலக விலக எலும்பும் நசுங்கித் தேயும். கையைத் தூக்கும்போது வரும் தயக்கம், மருத்துவர்கள் சோதித்துப் பார்க்கும் அறிகுறியாம். நான் கோழைத்தனம் என்று ஏசியது அதைத்தான்.

"முதல் தடவை யாரு போட்டுவிட்டது?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "தானாவே உள்ள போயிடுச்சு சார்" என்றான் பையன். அதை மறுத்து ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

இப்போது யாருக்குத் தோள் இறங்கினாலும் நான் இழுப்பதில்லை. கை எப்படி இருக்கிறதோ அப்படியே துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். தோளில் அறுவை சிகிச்சை செய்த பிறகு அந்தப் பையன் களத்துக்கு வரவில்லை.

டாக்டர், அது தானாக உள்ளே போகவில்லை. நான்தான் இழுத்துப் போட்டேன்.