நான் போட்ட ஒரு கையெழுத்து



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு அண்ணன் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கவிதை ஏற்கெனவே நாற்பது வந்துவிட்டதாம்! "உன் டிபார்ட்மென்ட் சம்பந்தமா எழுதுடா" என்றார். நான் மாடர்ன் ஆபீஸ் பிராக்டிஸ். மெக்கானிக்கல் நண்பர்கள் எங்களை "கிளார்க் கோர்ஸ்" என்று கிண்டல் செய்வது எல்லோருக்கும் தெரியும். போகட்டும். ஆடிட்டரைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய காரணம்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா அரிசி மண்டியில் லோடு இறக்குகிறவர். அப்பாவும் சரி, அம்மாவும் சரி, ரேஷன் கடையில் இருந்து பேங்க் வரைக்கும் கைநாட்டுதான். பத்தாவது படிக்கும்போது நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க நான் கையெழுத்துப் பழகியிருக்கிறேன். கலெக்டர் மாதிரி கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி! அதனால் போன வருடம் விடுதி மெஸ் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட மாணவர் பிரதிநிதியாக என் பேரைச் சொன்னபோது, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

விடுதியில் இருப்பவர்களுக்கு டிவைடிங் சிஸ்டம் தெரியும். மாத ஆரம்பத்தில் இருந்த சரக்கு, அதோடு வாங்கியது, அதில் மாதக் கடைசியில் மிச்சம் இருப்பதைக் கழித்தால் செலவு. அந்தச் செலவை ஆட்களுக்குப் பங்கு போட்டால் மெஸ் பில். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மிச்சம் இருப்பதைக் கூட்டி எழுதினால் செலவு குறைந்து தெரியும். பில் குறைந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டோம். நாமாவது, பில் குறைந்தால் கேள்வி கேட்பதாவது!

மார்ச் மாதக் கணக்கு வந்தது. அரிசி இருப்பு 30 சிப்பம் என்று போட்டிருந்தது. கூட்டல் எல்லாம் கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், ஒரு பைசா பிசகவில்லை. ஸ்டோர் ரூம் பத்தடி தூரம்தான். "தம்பி, நேரமாச்சு, போட்டுக் குடுத்துடு" என்றார்கள். போட்டேன், கோடும் புள்ளியுமாக.

ஏப்ரலில் பரீட்சை முடிந்து விடுதி மூடும்போது ஸ்டோரைக் காலி செய்து எண்ணினார்கள். புத்தகப்படி இருக்க வேண்டியதில் 11 சிப்பம் குறைந்தது. சிப்பம் 25 கிலோ, கிலோ 48 ரூபாய். மொத்தம் 13,200 ரூபாய். நாங்கள் 88 பேர். ஆளுக்கு 150 ரூபாய் கடைசி மாத பில்லில் ஏறியது. எடுத்தது யார், அல்லது யாரும் எடுக்காமல் எழுதியதில்தான் பிழையா, இன்றுவரை தெரியாது. மார்ச் 31 அன்று உண்மையில் எத்தனை சிப்பம் இருந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான். என் அறை நண்பன் பணத்தைக் கட்டிவிட்டு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நீதானடா கையெழுத்துப் போட்ட?"

அதற்குப் பிறகுதான் கணக்கியல் சார் நடத்திய பாடம் எனக்கு மண்டையில் ஏறியது. நம் ஊரில் ஆடிட்டர் என்றால் கணக்கு எழுதித் தருகிறவர், டாக்ஸ் கட்ட ஃபாரம் போடுகிறவர் என்று நினைக்கிறோம். கம்பெனிக் கணக்கில் அப்படி இல்லை. கணக்கைத் தயாரிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆடிட்டர் அதை வெளியில் நின்று சோதிக்கிறவர். தான் தணிக்கை செய்யும் கம்பெனிக்குத் தானே கணக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் தடுக்கிறது. ஃபிட்டிங் லேப் மாதிரிதான். ராவியது நீங்கள், வெர்னியரை வைத்துப் பார்ப்பது சார். ராவியவனே "சரியா இருக்கு சார்" என்று சொன்னால் மார்க் போட்டுவிடுவாரா?

எல்லாவற்றையும் அளக்கவும் முடியாது, அதுவும் நிஜம். ஆயிரம் பில் இருந்தால் சிலதை எடுத்துப் பார்ப்பார்கள். எதில் தப்பு நடக்க வாய்ப்பு அதிகமோ அதை ஆழமாகப் பார்ப்பார்கள். கடைசியில், இந்தக் கணக்கு உண்மையான நியாயமான நிலையைக் காட்டுகிறது என்றோ, இன்ன இடத்தில் காட்டவில்லை என்றோ கருத்து எழுதுவார்கள். அது கருத்துதானே தவிர கேரண்டி அல்ல. கம்பெனி நன்றாக ஓடும் என்கிற சர்ட்டிபிகேட்டும் அல்ல.

என்னை மாதிரியே ஒரு கதை 1896-இல் இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கு. மேனேஜர் பஞ்சு, நூல் இருப்பை வருடக்கணக்கில் கூட்டிக் காட்டியிருக்கிறார். ஆடிட்டர்கள் அவர் கொடுத்த சான்றிதழை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அப்பீல் கோர்ட்டில் நீதிபதி லோப்ஸ், ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்ற கருத்தில் சொல்லி அவர்களை விட்டுவிட்டார். இதைப் படித்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. நானும் தப்பித்தேன்!

ஆனால் சார் விடவில்லை. 1938-இல் அமெரிக்காவில் மக்கெஸன் அண்டு ராபின்ஸ் என்ற மருந்துக் கம்பெனியில் குட்டு உடைந்ததைச் சொன்னார். சுமார் 8.7 கோடி டாலர் சொத்தில் 1.9 கோடி டாலர் வெறும் காகிதம். இல்லாத கிடங்கில் இல்லாத சரக்கு. ஆடிட்டர்கள் கிடங்குப் பக்கம் போகவே இல்லை, அன்றைய வழக்கத்தில் அது கட்டாயமும் இல்லை. அடுத்த வருடமே அங்கே முறையை மாற்றினார்கள். சரக்கு எண்ணும்போது ஆடிட்டர் நேரில் இருக்க வேண்டும், கடன் பாக்கிக்காரர்களிடம் நேராக எழுதிக் கேட்க வேண்டும் என்று ஆனது. காவல் நாயாக இருந்தாலும் எழுந்து ஒரு சுற்று சுற்றி வர வேண்டும் அல்லவா?

நம் நாட்டுக் கதை இன்னும் பெரியது. 2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தானே ஒரு கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். ரொக்கமும் பேங்க் இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று கணக்கில் இருந்தது. அதில் 5,040 கோடி கிடையாது! பேங்கில் இருக்கும் பணத்தைத் தேட மோப்ப சக்தி எதற்கு? ஆடிட்டர் பேங்குக்கு எழுதிக் கேட்க வேண்டும், பதில் கம்பெனியின் கை படாமல் நேராக அவரிடம் வர வேண்டும். 2015 ஏப்ரலில் தனி நீதிமன்றம் தண்டனை கொடுத்த 10 பேரில் இரண்டு பேர் ஆடிட்டர்கள். அடுத்த மாதமே அப்பீலில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது. 2018-இல் ஆடிட்டர்களையே கண்காணிக்க தேசிய நிதி அறிக்கை ஆணையம் வந்தது. சட்டமும் ஆணையமும் இருக்கட்டும், 5,040 கோடியை நம்பி ஷேர் வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தக் கையெழுத்தை நம்பி வாங்கினார்களோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம்முடைய 150 ரூபாயும் அந்தச் சாதிதான்.

லீவில் ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பீடியை அணைத்துவிட்டு, "எண்ணிப் பாத்தியா?" என்றார். இல்லை என்றேன். "பொறவு எதுக்குப் போட்ட?" அவ்வளவுதான்.

மண்டியில் அவரைப் பார்த்திருக்கிறேன். முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார். லாபம், ரெண்டு, மூணு... பத்துக்கு ஒருமுறை சுவரில் கரிக்கோடு. லாரிக்காரர் சீட்டை நீட்டினால் கோட்டை எண்ணி முடிக்கும்வரை கட்டைவிரலில் மை தொட விட மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஆள். அவர் கைநாட்டுக்கு மண்டி முதலாளி மறுபேச்சுப் பேசியதில்லை.

இந்த வருடமும் பிரதிநிதி நான்தான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பட்டவன்தான் சரியா பாப்பான்" என்று அதே அறை நண்பன்தான் பேர் கொடுத்திருக்கிறான். போன மாதக் கடைசியில் டார்ச் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போனேன். ஸ்டோர் அண்ணனுக்கு முகம் சுருங்கியது. "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா?" என்றார். "அப்படி இல்லண்ணே, என் வேலைண்ணே" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது.

புத்தகத்தில் 16. நான் எண்ணியதில் 15. மறுபடி லாபத்தில் இருந்து எண்ணினேன், 15-தான். அண்ணன் யோசித்துவிட்டு என்னை அடுப்படிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒன்று பிரித்துக் கிடந்தது. தராசில் வைத்தோம், 11 கிலோ. "15 சிப்பம், பிரித்தது ஒன்றில் 11 கிலோ" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.