பள்ளத்துக்கு வராத தண்ணீர்

சமையலறைக் குழாயில் தண்ணீர் நூலாக வடிந்தால் பிளம்பர் முதலில் குழாயின் வாயைத்தான் பார்ப்பார். முனையில் இருக்கும் சல்லடையைத் திருகிக் கழற்றி, மணலைத் தட்டி, உப்புப் படிவு போக வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறப்போட்டு மாட்டுவார். பெரும்பாலும் அதோடு வேலை முடிந்துவிடும். பழவேற்காடு ஏரிக்கரையில் நாங்கள் வேலை செய்யும் குடியிருப்புகளில் கழற்றுவதற்குச் சல்லடையே கிடையாது. வாசலில் சிமெண்ட் கட்டை, அதில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். அதிலிருந்து டியூப் போட்டுப் பெண்கள் அடுப்படிக்கு இழுத்துக்கொள்கிறார்கள். டியூபை அடுப்பு மேடை உயரத்துக்குத் தூக்கினால் தண்ணீர் நின்றுவிடுகிறது.

ஒரு காலனியில் இதைப் பற்றிக் கேட்டபோது தொட்டி ஆபரேட்டர் சொன்னார்: "கடைசித் தெரு சார், பிரஷர் ஏறாது." பக்கத்தில் குடத்தோடு நின்ற அக்கா விடவில்லை. "ஏன் தம்பி, மழை வெள்ளம் மட்டும் எந்த பிரஷர்ல எங்க ஊட்டுக்குள்ள வருது?"

நாங்கள் படித்த சமூகவியலில் இப்படி ஒரு கேள்வியைப் பார்த்ததில்லை. ஐப்பசி மழையில் முதலில் மூழ்குவது காலனி, ஏனென்றால் அது பள்ளத்தில் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் புவியீர்ப்பில் வருவது. தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட 10 மீட்டர் மேலே இருந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். பள்ளத்தில் இருக்கும் குழாய்க்கு அது இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். அப்படியானால் நடுவில் எங்கோ அழுத்தம் தின்னப்படுகிறது. தின்பது யார் என்பதுதான் கேள்வி.

மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்வோம். ஒன்று குழாயின் விட்டம். அதே உயரம், அதே நீளம் இருக்கும்போது விட்டத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகாது, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். ஊர்த் தெருவில் பெரிய குழாய் பதித்துவிட்டு காலனி திரும்புகிற இடத்தில் சின்னக் குழாயை மாட்டுவது எஸ்டிமேட்டில் ஒரு வரி. அந்த ஒரு வரி பல வருஷத்துக்குத் தெருவையே கட்டிப்போடும். இரண்டாவது, வழியில் இருக்கும் வீடுகள் மெயின் குழாயிலேயே நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. மூன்றாவது கேட் வால்வு. அது எவ்வளவு திறந்திருக்கிறது, சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

இதை அளக்க எஞ்சினியர் வேண்டாம். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபைக் குழாயில் இறுக்கமாகச் செருகி, ஒரு கழியில் கட்டி நிமிர்த்துங்கள். தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் அந்த நேரத்தில் அங்கே இருக்கும் அழுத்தம். அதே நாள், அதே நேரம், ஊரின் முதல் தெருவிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 15 லிட்டர் குடம் நிரம்பும் நேரம். ஏழரை நிமிஷம் ஆனால் நிமிஷத்துக்கு 2 லிட்டர். ஒரு மணி நேரம் விட்டால் 120 லிட்டர், ஐந்து பேர் வீட்டில் தலைக்கு 24. 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம் சொல்வது தலைக்கு 55 லிட்டர். அந்த அளவு, தரத்தோடும் தொடர்ச்சியாகவும் வந்தால்தான் அது "செயல்படும் இணைப்பு". குழாய் நட்டதை மட்டும் எண்ணிப் பலகை வைப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

தண்ணீர் இல்லாத பிரதேசமும் அல்ல இது. ஏரிக்குத் தெற்கே, காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த கடல்நீர் ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். அது சென்னைக்காகக் கட்டியது. முறை வைக்கத் தெரியாதவர்களும் அல்ல. ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று பாடு முறை வைத்துத் தலைமுறைகளாக நடத்துகிறார்கள். அந்தப் பாட்டில் பங்கு இல்லாதவர்கள் உண்டு. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அவர்களில் அடக்கம். தண்ணீர் முறையிலும் அதே ஆட்கள் விடுபடும்போது எங்களால் அதைத் தற்செயல் என்று எழுத முடியவில்லை.

எங்களோடு வந்த மாணவர் ஒருவர் உடனே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம் என்றார். 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தில் பொதுக் குழாயைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம்தான். ஆனால் 1927-ல் மகாத் குளத்தில் தடுத்தவர்களுக்கு முகம் இருந்தது. 2022-ல் வேங்கைவயல் தொட்டியில் மலம் கலந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பாதி மூடிய வால்வுக்கு முகம் இல்லை. "துரு பிடிச்சுடுச்சு" என்று சொல்லிவிடலாம். அதனால் முதலில் அளவு, தேதி, போட்டோ. புகார் அதன் மேல் நிற்கட்டும்.

அந்தக் காலனியில் இரண்டு வாரம் அளந்தோம். நோட்டைப் பார்த்ததும் ஆபரேட்டரே வால்வுக் குழியைத் திறந்தார். அது துரு பிடித்திருக்கவில்லை. நாலு சுற்றில் திறந்தது. முழங்கால் உயரத்தில் நின்ற தண்ணீர் மார்பு உயரத்துக்கு வந்தது. அடுப்பு மேடைக்கு அது போதும். மேல்தெரு மோட்டார்கள் ஓடும் காலையில் மறுபடி இறங்கிவிடுகிறது. சின்னக் குழாயும் அப்படியே இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க மனு தயார்: குழாயை மாற்றுவது, மோட்டார்களை எடுப்பது, வால்வுச் சாவி காலனியிலும் ஒன்று இருப்பது. மூன்றாவதைப் பற்றித்தான் ஊரில் இப்போதே பேச்சு.