மருந்தும் மந்தும்

நுழையும்முன்

இரு மொழிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒற்றுமைகள் பல தென்படும். அவற்றுள் உறவால் வந்தவை எவை, கடனாக வந்தவை எவை, தற்செயலாக அமைந்தவை எவை எனப் பிரித்தறிவதே மொழி ஒப்பாய்வு. தன் வீட்டுமொழியிலிருந்து அவ்வாய்வைத் தொடங்கிய ஆசிரியர் ஒருவரின் அனுபவத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வீட்டில் ஒரு மொழி

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் எங்கள் ஊர். இவ்வூரில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்து. வெடிக்குள் செலுத்துவதும் மருந்து. தெலுங்கு பேசும் எங்கள் வீட்டில் அவ்வா இரண்டையும் ‘மந்து’ என்பார். கன்னடத்திலும் ‘மத்து’ என்ற ஒரே சொல் இவ்விரு பொருளையும் தரும். இந்தியிலோ நோய்க்கான மருந்து ‘தவா’, வெடிமருந்து ‘பாரூத்’. இரண்டும் தொடர்பில்லாத வேறு வேறு சொற்கள்.

கரிசல் மண்ணில் தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்டோர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். பெரும்பாலோர் தெலுங்கு எழுத்தை அறியார். எழுதுவதும் படிப்பதும் தமிழில்தான். என் பள்ளி நாள்களில் எங்கள் பேச்சை ‘உடைந்த தமிழ்’ என்று சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. மருந்து என்னும் சொல் உடைந்துதானே மந்து ஆயிற்று என்பது அவர்களது வாதம். அதற்கு மறுமொழி கூற எங்களுக்குத் தெரியவில்லை. எங்களுள் பலர் வெளியாரிடையே அம்மொழியைப் பேசவே தயங்கினர்.

மாற்றத்தின் ஒழுங்கு

முதுகலைத் தமிழ் பயின்றபோது மொழி ஒப்பாய்வு எனக்கு அம்மறுமொழியைத் தந்தது. தமிழில் கோழி, தெலுங்கில் கோடி. தமிழில் ஏழு, தெலுங்கில் ஏடு. கலப்பையின் கைப்பிடியாகிய மேழி, மேடி எனப்படும். சோழர் என்னும் குலப்பெயரும் ஆந்திர வரலாற்றில் சோடர் என வழங்கும். இச்சொற்களிலெல்லாம் உயிர்களுக்கு இடையே வரும் ழகரம் டகரமாகியிருப்பதைக் காண்க. சிதைவுக்கு ஒழுங்கு இராது. இங்கோ ஒரே சூழலில் ஒரே வகையான மாற்றம் திரும்பத் திரும்ப நிகழ்ந்துள்ளது. பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் ழகர ஒலிக்கெனத் தனியெழுத்தே இருந்தது. காலப்போக்கில் அது வழக்கொழிந்தது.

மாறியது தெலுங்கு மட்டுமன்று. தமிழில் செவி என்பது கன்னடத்தில் ‘கிவி’. நம் செம்மைக்கு இனமான கன்னடச் சொல் ‘கெம்பு’. இங்குப் பழைய ககரத்தைக் காத்திருப்பது கன்னடம். அதைச் சகரமாக மாற்றிக்கொண்டது தமிழ். ஆகவே, ஒன்றன் உடைசல் மற்றொன்று எனக் கூறுவது பொருந்தாது. ஒரு மூதாய்க்குப் பிறந்த உடன்பிறப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைக் காத்தன; ஒவ்வொன்றை மாற்றின.

தென்னிந்திய மொழிகளின் இவ்வுறவை 1816இல் எடுத்துரைத்தவர் எல்லிஸ். கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு அளித்த முன்னுரைக் குறிப்பில், தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்ததன்று என அவர் நிறுவினார். நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூல் அவ்வாய்வை விரிவுபடுத்தியது.

ஏமாற்றும் ஒற்றுமைகள்

ஒத்திருப்பவை எல்லாம் உறவாகிவிடா. நாம் ‘சாவி’ என்கிறோம். இந்தி பேசுவோர் ‘சாபி’ என்கின்றனர். இரண்டும் போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்த கடன்சொற்கள். கடன் வாங்கியதால் இருவர் உறவினராகிவிடுவதில்லை.

தொடரமைப்பும் அவ்வாறே. எத்தியோப்பியாவில் பெருந்தொகையினர் பேசும் ஒரோமோ மொழியையும் பூட்டானின் தேசிய மொழியாகிய ஜோங்காவையும் எடுத்துக்கொள்வோம். ‘நான் நீர் குடித்தேன்’ என்பதில் வினை இறுதியில் நிற்பது போலவே அவ்விரு மொழிகளிலும் வினை இறுதியில் நிற்கும். ஆனால், ஒரோமோ ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பத்தையும், ஜோங்கா சீன-திபெத்தியக் குடும்பத்தையும், தமிழ் திராவிடக் குடும்பத்தையும் சார்ந்தவை. நீரைக் குறிக்க ஒரோமோவில் ‘பிஷான்’, ஜோங்காவில் ‘சூ’ என்பர். இவற்றுக்கிடையே கோழி, கோடி போன்ற ஒழுங்கான ஒலியுறவு இல்லை.

எழுத்தும் உறவுக்குச் சான்றாகாது. ஒரோமோ 1991 முதல் இலத்தீன் எழுத்தில் அலுவல்முறையாக எழுதப்படுகிறது. அதனால் அது ஆங்கிலத்துக்கு உறவாகிவிடவில்லை. ஜோங்காவின் எழுத்தும் நம் எழுத்தைப் போலப் பிராமியின் வழிவந்ததே. எனினும் இரு மொழிகளின் குடும்பங்கள் வேறு. சிவகாசி அச்சகங்களில் ஒரே இயந்திரம் பல மொழி நாள்காட்டிகளை அச்சிடுகிறது. தாளும் மையும் ஒன்றாயிருப்பதால் மொழிகள் ஒன்றாகிவிடுவதில்லை அல்லவா?

நாம் செய்யத்தக்கது

மொழிகளை ஒப்பிடுவது எது உயர்ந்தது எனத் தீர்ப்பளிப்பதற்காக அன்று. வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த இடைசெவல் கி. ராஜநாராயணன், அம்மக்களின் வாழ்வைத் தமிழில் எழுதினார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ புதினம் 1991இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்தது. வீட்டுமொழியின் வளம் தமிழுக்கும் வளமாயிற்று.

எழுத்தின்றி வீட்டுக்குள் மட்டும் வழங்கும் பேச்சு, பேசுவோர் நாணினால் ஒரு தலைமுறையிலேயே மங்கிவிடும். எங்கள் அவ்வா அறிந்திருந்த பயிர்களின் பெயர்கள், உழவுக் கருவிகளின் பெயர்கள் பலவற்றை இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அறியார். தெலுங்கு, கன்னடம், மலையாளம், சௌராட்டிரம், உருது, இந்தி என உங்கள் வகுப்பிலும் பல வீட்டுமொழிகள் இருக்கக்கூடும். அம்மொழி பேசும் நண்பரிடம் எண்ணுப்பெயர், உடலுறுப்பு, உறவுமுறை, தொழிற்கருவி ஆகியவற்றுக்கான சொற்களைக் கேட்டு எழுதுங்கள். அருகில் தமிழ்ச் சொற்களை எழுதுங்கள். ஒலி எங்கே, எவ்வாறு மாறுகிறது எனக் கூர்ந்து நோக்குங்கள். நண்பரின் வீட்டில் பாட்டி இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள்.