மூணு நொடி

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தை இரண்டாம் தடவை கேட்க முடியாது. புரியலன்னு எழுந்து நின்றால், "சேரியிலேர்ந்து வந்தா இப்படித்தான்" என்பார் வாத்தியார். வகுப்பே சிரிக்கும். புரியாததற்கெல்லாம் தலையாட்டித் தலையாட்டியே பத்தாவது வரைக்கும் வந்தேன். எம்.ஏ. தமிழ் முடித்த பிறகும் அந்தத் தலையாட்டல் கழுத்தை விட்டுப் போகவில்லை.

எங்கள் சேரியில் மாலை வகுப்பு தொடங்கியபோது திரைப் பதிவு பெரிய ஆயுதமாகப் பட்டது அதனால்தான். லேப்டாப் என் அக்கா மகனுடையது. 2011ல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2012ல் வந்த ஓ.பி.எஸ். என்கிற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம், பழைய மெஷின் திணறியது. பிரவுசரிலேயே ஓடுகிற இலவசக் கருவி ஒன்றைப் பிடித்தோம். திரையில் நடப்பதையும் நம் பேச்சையும் சேர்த்து வீடியோவாகத் தரும். கேமரா வேண்டாம், காசு வேண்டாம்.

மரம், வேர் என்று திரையில் அடிப்பேன். 'ம்'மை அழிப்பேன். மரவேர் ஆகிவிடும். "பாரு, நடுவுல நின்ன 'ம்' ஓடிப்போச்சா?" என்று எங்க பேச்சிலேயே சொல்வேன். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரியில் பார்க்கிற பிள்ளை நிறுத்திப் பார்க்கலாம். பத்துத் தடவை பின்னால் தள்ளிப் பார்க்கலாம். சிரிக்க அங்கே ஆள் இல்லை.

அந்தப் பாடத்தில்தான் தப்பு நடந்தது. பதிவு தொடங்கும்போதே கருவி கேட்கிறது: முழுத் திரையா, ஒரு ஜன்னலா, ஒரு டேபா? நான் முழுத் திரை கொடுத்துவிட்டேன். நடுவில் எதையோ தேடி வேறொரு ஃபைலைத் திறந்து மூடினேன். அது எங்கள் பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் பட்டியல். பெயர், அப்பா பெயர், சாதி, தொழில். மூணு நொடி இருக்கும். திரும்பப் பார்க்காமலே பிள்ளைகளுக்கு அனுப்பினேன்.

டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற எங்க பொண்ணு ஒருத்தி அதைத் தன் வகுப்புத் தோழிகளுக்கு அனுப்பியிருக்கிறாள். பாடம் நல்லாயிருக்கு என்கிற சந்தோசம். அவர்களும் நிறுத்திப் பார்த்தார்கள். மறுநாள் மத்தியானம், தினம் அவளோடு ஒரே டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்ட இரண்டு பேர் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, நீங்க நல்லா சொல்லிக் குடுக்குறீங்கன்னு காட்டத்தான் அனுப்பினேன்" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

மேடையில் நான் பேசுகிறவள். சாதியை மறைக்காதே, நிமிர்ந்து சொல் என்று எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் 1917ல் பரோடாவில் தங்க இடமில்லாமல், பார்சிப் பெயர் சொல்லிப் பார்சி விடுதியில் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவரைக் கோழை என்று எவன் சொல்வான்? சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அடிபடுகிறவரின் உரிமை. அந்த உரிமையை அவளிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டது ஆதிக்க சாதிக்காரன் இல்லை, அவளுடைய அக்காவாகிய நான். ஒதுங்கிப் போனவர்களின் குற்றம் அவர்களுடையது. என் குற்றம் என்னுடையது.

இரவுப் பள்ளி நடத்தும் தோழர்களுக்குச் சொல்கிறேன். இந்தக் கருவியை விட்டுவிடாதீர்கள். ஆனால் பாடம் இருக்கிற ஒரு டேபை மட்டும் பதிவு செய்யுங்கள். மற்ற ஃபைல்களை முதலில் மூடுங்கள். போனில் பதிந்தால், மேலே வந்து விழுகிற மெசேஜை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். முடித்ததும் முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பத்து நிமிசப் பாடத்துக்கு இன்னொரு பத்து நிமிசம், அவ்வளவுதான்.

பழைய வீடியோவை அழித்தேன். அனுப்பினவற்றை அழிக்க முடியவில்லை. மரவேரை மறுபடியும் பதியணும் என்றபோது, "நான் பேசுறேன்க்கா" என்றாள் அந்தப் பொண்ணு. பேசினாள், எங்க பேச்சிலேயே. ஓட்டிப் பார்த்தோம், இரண்டு தடவை. யாருக்கு அனுப்பலாம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எல்லாருக்கும் அனுப்புங்க. எம் பேரையும் போடுங்க" என்றாள்.

தள்ளிப் போன இரண்டு பேரில் ஒருத்தி திரும்பி வந்து உட்கார்ந்தாளாம். இன்னொருத்தி வரவில்லை.