சூரியநெல்லியில் ஜீப் குளிக்கும் நேரம்

காலை பத்து மணிக்கு மேல் சூரியநெல்லியில் நின்று பார்த்தால், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும் ஜீப்புகளின் நிறம் என்னவென்று சொல்ல முடியாது. வெள்ளையும் பச்சையும் சிவப்புமாகக் கிளம்பிப் போனவை எல்லாம் ஒரே மண் நிறத்தில் திரும்பி வரும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நம்பர் பிளேட்கூடத் தெரியாது.

கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஆனால், வண்டியில் போக வேண்டுமானால் போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். 7,000 அடிக்கும் மேலே தேயிலைத் தோட்டம், 1930-களில் கட்டிய பழைய தொழிற்சாலை, எட்டிப் பார்த்தால் மேகத்துக்கு அடியில் தேனிச் சமவெளி. அந்த விடியலைப் பார்க்கத்தான் அதிகாலை நான்கு மணிக்கே ஜீப்புகள் வரிசைகட்டுகின்றன. வழியில் ஓரிடத்தில் தார் முடிந்துவிடும். அதன் பிறகு பாறையும் பள்ளமும்தான். மழை எச்சரிக்கை வந்தால் மாவட்ட நிர்வாகம் சவாரிக்கே தடை போட்டுவிடும்.

குலுங்கி இறங்கியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விடுவார்கள். டிரைவருக்கு அடுத்த வேலை அப்போதுதான் ஆரம்பம்.

பல வருடங்களாக இந்தப் பாதையில் ஓட்டும் ஒரு டிரைவர், வந்ததும் தண்ணீரைத் தொட மாட்டார். முதலில் ஒரு கட்டன் சாயா. இறக்கம் முழுக்கப் பிரேக் பிடித்துப் பிடித்து டிரம்கள் கொதித்துப் போயிருக்கும். அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இரும்பு விரிசல் விடலாம். அதற்காகச் சாயங்காலம் வரை விட்டுவைக்கவும் கூடாது. காய்ந்த சேறு செங்கல் மாதிரி. உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவையும் கொண்டுவரும். எனவே சாயா முடிந்து, டிரம்மைத் தொட்டால் கை சுடாத அந்த இடைவெளிதான் சரியான நேரம்.

வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டால் பீய்ச்சி அடித்துப் பத்து நிமிடத்தில் பளபளப்பாக்கித் தருவார்கள். அவருக்கு அதில் சம்மதமில்லை. அந்த வேகத்தில் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கும். பேரிங் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கெடுக்கும். அவருடைய ஆயுதங்கள் ஒரு டியூப், ஒரு மரக்குச்சி, பழைய பிரஷ், கொஞ்சம் பனியன் வேஸ்ட். வண்டியின் மேல்பக்கத்தைக் கடைசியில்தான் கவனிப்பார். முதலில் அடிவயிறு.

மட்கார்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் சேற்றைக் குச்சியால் தள்ளினால் கட்டி கட்டியாக விழும். வீல் ரிம்முக்கு உட்பக்கம் ஒரு பக்கமாக அப்பியிருந்தால் தார் ரோட்டில் ஸ்டியரிங் உதறும். ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே மாட்டிய கல்லைக் கையால் தடவித்தான் எடுக்க வேண்டும். இரண்டொரு அட்டையும் அங்கிருந்து கிடைக்கும், அது தனிக் கதை.

பின் சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகத் தொங்கும் கிரவுனுக்கு அவர் தனி மரியாதை தருவார். அதன் மேலே சின்னதாக ஒரு மூச்சுத் துளை இருக்கிறது. ஓடிச் சூடான கிரவுன் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். துளையைச் சேறு அடைத்திருந்தால், சீல் இடுக்கு வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் திறந்து பார்த்தால் எண்ணெய் பால் விட்ட டீ நிறத்தில் இருக்கும். பல்சக்கரம் தேய்வதற்கு அது போதும். ஓடையில் வண்டியை இறக்கிக் கழுவுகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வருவது இதனால் மட்டுமில்லை. வண்டியில் வழியும் எண்ணெயும் கிரீஸும் ஓடையோடு கீழே லயங்களுக்குப் போகும். அங்கே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மலை ஊர்களில் இப்போது வாடகைக்கு ஓடும் ஏடிவி வண்டிகளுக்கும் இதே வைத்தியம்தான். கூடுதலாக, அச்சின் முனையில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழிசலில் சேறு நுழைந்தால் உள்ளே இருக்கும் ஜாயின்ட்டை அது அரைத்துவிடும்.

அன்று இடது பின்சக்கரத்தில் டியூபைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் தண்ணீரை நிறுத்திய பிறகும், டிரம்முக்குப் பின்னால் இருந்த தகட்டில் ஒரு கோடு மட்டும் ஈரமாகவே இருந்தது. பனியன் வேஸ்டால் துடைத்தார். காய்ந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் கசிந்தது.

“தண்ணிதானேண்ணே?”

“தொட்டுப் பாரு தம்பி. வழுக்குதுல்ல? பிரேக் ஆயில்.”

சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை எடுத்துப் பார்த்தார்கள். வீல் சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருந்தது. எத்தனை நாளாகக் கசிகிறதோ, சேறு மூடி மறைத்துவிட்டது. லைனரிலும் எண்ணெய் ஏறியிருந்தது.

மறுநாள் விடியலுக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் சொல்லி வைத்திருந்தது, குழந்தைகளோடு ஆறு பேர். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் கடை திறந்திருக்காது.

“மெதுவா ஓட்டினா தாங்காதாண்ணே?” என்று கேட்டான் பையன். ஒரு நாள் சவாரி போனால் அவன் பேட்டாவும் போகும்.

“ஏறும்போது தாங்கும்டா. இறங்கணுமே.”

போனை எடுத்து இன்னொரு டிரைவரிடம் சவாரியைக் கைமாற்றிவிட்டார். பிறகு, பாதியில் நின்ற வேலையைப் பையனோடு சேர்ந்து முடித்தார். ஜாயின்ட்களுக்குக் கிரீஸ் அடித்தார்கள். பழைய கிரீஸோடு உள்ளே புகுந்திருந்த ஈரமும் பிதுங்கி வெளியே வந்தது. கடைசியாகத்தான் கண்ணாடியைத் துடைத்தார்கள். வண்டி சிவப்பு நிறம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் நான்கு மணிக்கு மதுரைக் குடும்பம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேறொரு ஜீப்பில் ஏறியது. வண்டி ஏன் மாறியது என்று யாரும் கேட்கவில்லை. அவர் காலையில் போடி பஸ்ஸுக்கு நின்றார். தேய்ந்த ரப்பர் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் இருந்தது. சைஸ் மாறிவிடக் கூடாதல்லவா?