மெழுகுச் சட்டியும் ராமானுஜத்தின் கோடும்

“புகைய விடாதம்மா, தணிச்சு வை.” ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்தப் பத்திக் பட்டறை. நான் உள்ளே நுழைந்தபோது பெரியவர் அடுப்படியில் இருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மெழுகு புகைந்தால் தீப்பிடிக்கும். ஆறினாலும் பிரச்சினைதான். சரியான சூட்டில் வைத்தால் துணிக்குள் இறங்கி, எண்ணெய் பட்ட காகிதம்போல அந்த இடம் மின்னும். சூடு போதாவிட்டால் வெள்ளையாக மேலேயே படியும். சாயம் அடியில் புகுந்துவிடும். அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் துணியைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

பத்திக்கில் மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, அவ்வளவுதான் சூத்திரம். வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் கடைசியில். மஞ்சளில் முக்கி, மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடி, பிறகு சிவப்பு, பிறகு பழுப்பு. சாயத் தண்ணீர் குளிர்ந்தே இருக்க வேண்டும், சூடானால் மெழுகு இளகிவிடும். தேன்மெழுகு வளையும், பாரஃபின் நொறுங்கும். துணியைக் கசக்கும்போது மெழுகு வெடித்து, அந்த வெடிப்புகளில் சாயம் இறங்குகிறது. எவ்வளவு வெடிப்பு வேண்டுமோ அதற்கேற்பப் பாரஃபினைக் கூட்டுகிறார் பெரியவர்.

பகலில் துப்பட்டா, சேலை, சுவரில் மாட்டும் மயில்கள். மாலையில் தனக்காகச் சில துணிகள். இரண்டாவதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

மெழுகுச் சொட்டுகள் உறைந்த ஒரு பழைய கண்காட்சிப் புத்தகத்தை எடுத்து வந்தார். அதில் ஓவியர்கள் கே.சி.எஸ். பணிக்கர், ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம். இவர்களுக்கும் பத்திக்குக்கும் உள்ள உறவு இந்த ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் இங்கே சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கியபோது, படம் விற்றுப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை. பத்திக், தோல் வேலை, உலோக வேலை போன்றவற்றைச் செய்து விற்றார்கள். படம் வரையும் நேரத்தை அந்தக் காசுதான் வாங்கித் தந்தது. நவீன ஓவியம் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

“பணிக்கர் எழுத்து மாதிரி போட்டுப் பாத்தேன் தம்பி. சரியா வரல” என்றார். 1963 வாக்கில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைச் சொல்கிறார். ஜாதகக் கட்டம்போல், கணக்கு நோட்டுபோல், படிக்க முடியாத எழுத்துகளால் நிறைந்த படங்கள் அவை. அவர் செய்த நகலை நானும் பார்த்தேன். மேசை விரிப்பாகத்தான் இருந்தது.

ராமானுஜம் விஷயம் வேறு. 1973இல் இளம் வயதிலேயே இறந்துபோன ராமானுஜம், மைக்கோடுகளை நெருக்கி நெருக்கி இழைத்துக் கனவு மாளிகைகளைக் கட்டியவர். தொப்பி போட்ட தன்னையே அவற்றுக்குள் உலவவிட்டவர். அந்தக் கோட்டைத் துணிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் பெரியவரின் ஆசை. தாளில் வெள்ளைமேல் கறுப்புக் கோடு இழுக்கலாம். மெழுகால் இழுத்த கோடோ வெளுப்பாகவே மிஞ்சும். கறுப்புக் கோடு வேண்டுமென்றால் கோட்டை விட்டுவிட்டு, அதன் இருபுறத்தையும் மூட வேண்டும். ஒரு மயிரிழை இடைவெளி விட்டு, இந்தப் பக்கம் ஓர் இழுப்பு, அந்தப் பக்கம் ஓர் இழுப்பு. கை சற்றுத் தடுமாறினால் மெழுகு ஓடி இடைவெளி அடைபட்டுவிடும். அழித்து எழுத வழியில்லை.

மாளிகையையும் தொப்பியையும் அவர் எப்போதோ கைவிட்டுவிட்டார். அண்மையில் செய்த துணியில் இருப்பது மீன் காயவைத்த மணல், அதன்மேல் வலை. இடைவெளிகளில் இறங்கிய கருநீலமும், கசக்கலில் தானாக விழுந்த வெடிப்புகளும் சேர்ந்து வலைக்கண்களாகியிருக்கின்றன. எது கை போட்டது, எது மெழுகு போட்டது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ராமானுஜத்தின் உருவம் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும் அந்த நெருக்கம் அவருடையதுதான்.

“எங்க வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“பாதி தெரியும். மடிக்கிற பக்கம் வெடிக்கும். மீதி அதும்பாடு.”

வெந்நீர் அண்டாவில் துணியை அலசி, மிதக்கும் மெழுகைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார் அடுப்படிப் பெண். அது ஆறியதும் மறுபடி சட்டிக்குப் போகும். வலைத் துணியைப் பற்றி அவரிடம் கேட்டேன். “நல்லாத்தான் இருக்குண்ணா. ஆனா அதுக்கு ஆவுற நேரத்துல மூணு மயில் முடிச்சுடலாம்.”

பெரியவர் சிரித்தார். அது விற்பனைக்கா என்று கேட்டதற்கு, “விக்க மாட்டேன்னு யார் சொன்னது? இதுவரைக்கும் யாரும் கேக்கல” என்றார். அடுத்த வாரத்துக்குள் முடிக்க வேண்டிய மயில்கள் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டுக் காத்திருந்தன. பிரஷை எடுத்துக்கொண்டு அங்கே போனார்.